மோர்பாத் கணக்கேடு: டெவன் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் திருச்சபை வரலாறு

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாறு என்பது பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முடிசூடியவர், முடியிழந்தவர், போரில் வென்றவர், தோற்றவர் ஆகியோரின் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துள்ளன. அவர்தம் ஆணைகளால் வாழ்வு மாறிப்போன எளிய மக்களின் குரல் அரிதாகவே செவிப்படுகின்றது. இங்கிலாந்து 16ஆம் நூற்றாண்டில் கண்ட சமயச் சீர்திருத்தமும் இதற்கு விலக்கன்று. எட்டாம் ஹென்றியின் மணவிலக்கு, 1534இல் அவர் திருச்சபையின் தலைமையைத் தாமே ஏற்றுக்கொண்டமை, துறவு மடங்கள் கலைக்கப்பட்டமை ஆகிய செய்திகளைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால், அம்மாற்றத்தை ஓர் உழவர் சிற்றூர் எவ்வாறு எதிர்கொண்டது, எதனை இழந்தது, எதனைக் காத்துக்கொண்டது என்னும் வினாக்களுக்கு விடை தரும் சான்றுகள் மிகச் சிலவே.

அத்தகைய சான்றுகளுள் தலையாயது ஒன்று இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில் கிடைத்துள்ளது. அது காவியமன்று, நாட்குறிப்புமன்று, ஒரு கோயிலின் வரவு செலவுக் கணக்கு. மெழுகு வாங்கிய செலவும், ஆட்டு மயிர் விற்ற வரவும் எழுதப்பட்ட அவ்வேடு, ஒரு காலத்தின் மனச்சான்றையே உள்ளடக்கியுள்ளது என்பதைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஊரும் குருவும்

டெவன் மாவட்டத்தின் வட எல்லையில், எக்ஸ்மூர் என்னும் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் அமைந்துள்ள ஊர் மோர்பாத். ஈர மண்ணும் சரிவான மேய்ச்சல் நிலமும் கொண்ட பகுதி அது. 16ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவை 33 குடும்பங்கள். பெருஞ்செல்வர் எவரும் ஊரில் இலர். ஆடு வளர்த்தலே முதன்மைத் தொழில். ஊர் நடுவே புனித ஜார்ஜின் பெயரால் அமைந்த கோயில் நின்றது.

1520ஆம் ஆண்டில் அவ்வூர்க்குப் பங்குக் குருவாக வந்தவர் கிறிஸ்டோபர் டிரிக்கி என்பவர். இவரும் டெவன் மாவட்டத்தவரே. மோர்பாத்திலிருந்து தொலைவில் இல்லாத கல்ம்ஸ்டாக் என்னும் ஊரினர். வந்தவர் வேறெங்கும் குடிபெயரவில்லை. 1574இல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள் அவ்வூர்க்கே குருவாக இருந்தார். எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, முதலாம் எலிசபெத் என நான்கு ஆட்சிகளில் நான்கு வகைச் சமய ஆணைகளுக்கு உட்பட்டு ஒரே பீடத்தில் பணியாற்றினார் என்பது கருதத்தக்கது.

கோயிற் கணக்கை எழுதும் பொறுப்பு ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்களுக்கு உரியது. ஆயின் மோர்பாத்தில் அதனை எழுதியவர் குருவே. ஆண்டுதோறும் ஊரார் கூடிய அவையில் அக்கணக்கு உரக்கப் படிக்கப்பட்டது. ஆகவே, அது வெறும் எண்களின் தொகுப்பாக அமையாமல் கேட்போரை முன்னிலைப்படுத்திப் பேசும் நடையில் அமைந்தது. இன்னார் இன்னது கொடுத்தார் என்று பெயர் சொல்லிப் பாராட்டும். இன்ன குறை உள்ளது என்று எடுத்துரைக்கும். இறுதியில் எஞ்சிய தொகையைக் கூறி நன்றி சொல்லும். டெவன் வட்டார ஒலிப்பு அப்படியே எழுத்தில் பதிந்துள்ளமையால், படிப்போர்க்கு ஒரு முதிய குருவின் குரலையே கேட்பது போன்ற உணர்வு தோன்றுகின்றது.

நிதிகளும் ஆடுகளும்

அக்காலக் கோயில் அமைப்பைப் புரிந்துகொள்ள அதன் பொருளியலை அறிதல் இன்றியமையாதது. மோர்பாத் கோயிலில் ஒவ்வொரு சுரூபத்தின் முன்னும் மெழுகுதிரி எரிந்தது. அத்திரியைப் பேணுவதற்கெனத் தனித்தனி நிதிகள் இருந்தன. புனித ஜார்ஜுக்கு ஒன்று, அன்னை மரியாளுக்கு ஒன்று, இயேசுவின் பெயரால் ஒன்று எனப் பல நிதிகள். ஊர் இளைஞர்க்கு ஒரு நிதி. கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி. ஒவ்வொன்றற்கும் பொறுப்பாளர் இருந்தனர். பொறுப்பு வீட்டுமுறை வைத்துச் சுழன்று வந்தது. கணவனை இழந்த பெண்களும் தத்தம் முறை வந்தபோது பொறுப்பேற்றனர். இளம்பெண்கள் தமக்குரிய நிதியின் கணக்கைத் தாமே ஒப்புவித்தனர்.

இந்நிதிகளுக்கு முதலாக அமைந்தவை ஆடுகள். கோயிலுக்குரிய ஆடுகள் ஒரே மந்தையாக மேய்க்கப்படவில்லை. ஒரு வீட்டில் ஓர் ஆடு, மற்றொரு வீட்டில் ஓர் ஆடு என ஊராரிடம் பிரித்து விடப்பட்டன. அவரவர் தம் ஆடுகளுடன் அவற்றையும் மேய்த்து, மயிர் கத்தரித்துக் கோயிலுக்குக் கணக்குக் காட்டினர். ஆண்டுதோறும் எந்த ஆடு எவர் வீட்டில் உள்ளது, எது குட்டி போட்டது, எது இறந்தது என்று எண்ணப்பட்டது. வசதியற்ற குடியும் இவ்வகையில் கோயிலுக்குத் தொண்டு செய்ய முடிந்தது. ஊரார் கூடிப் பார்லி மது காய்ச்சி விற்கும் கோயில் விருந்தும் வருவாய்க்கு ஒரு வழியாயிற்று. சுருங்கக் கூறின், வழிபாடும் தொழிலும் உறவும் பிரித்தறிய இயலாதவாறு பின்னிக் கிடந்தன.

இதனால் ஊரில் பூசலே இல்லை என்று கொள்ளலாகாது. கோயில் ஊழியருக்குத் தரவேண்டிய ஊதியம் பற்றி 1530களில் நெடிய வழக்கு ஒன்று எழுந்தது. சிலர் தம் பங்கைத் தர மறுத்தனர். பலமுறை கூடிப் பேசிய பின்னரே அனைவரும் உடன்படும் முடிவு எட்டப்பட்டது. பெரும்பான்மையின் வாக்கால் சிறுபான்மையை அடக்குவதைவிட, எல்லாரும் இசையும்வரை பேசுவதே அவ்வூரின் வழக்கமாக இருந்தது. ஒருவர் பிணங்கினும் ஊர்க்காரியம் தடைப்படும் நிலையில், இசைவு என்பது நல்லெண்ணம் மட்டுமன்று; வாழ்வதற்கு வேண்டிய தேவையும் ஆகும்.

சிட்வெல் வழிபாடும் திருட்டும்

டிரிக்கி வந்த தொடக்கத்தில் ஊர்க்குக் கொண்டுவந்த வழிபாடு புனித சிட்வெல் என்னும் கன்னியின் வழிபாடாகும். சிட்வெல், டெவன் மாவட்டத் தலைநகரான எக்ஸிடருக்குரிய புனிதர். அறுவடையாளரின் அரிவாளால் வெட்டுண்டு இறந்தவர் என்று மரபு கூறும். அவருடைய சுரூபத்தைக் குரு மோர்பாத் கோயிலில் நிறுவினார். ஊரார் அப்புனிதரைத் தமக்குரியவராகவே ஏற்றனர். பெண் குழந்தைகளுக்குச் சிட்வெல் என்று பெயரிடும் வழக்கமும் தோன்றியது. சுரூபத்தின் காலுக்கு வெள்ளியால் ஒரு காலணியும் செய்யப்பட்டது.

1534ஆம் ஆண்டில் ஓரிரவு திருடன் ஒருவன் ஏணி வைத்துக் கோபுரச் சன்னல் வழியாகக் கோயிலுள் இறங்கினான். பெட்டியை உடைத்துப் பூசைக் கிண்ணத்தையும் சிட்வெல்லின் வெள்ளிக் காலணியையும் கவர்ந்து சென்றான். இந்நிகழ்ச்சியைக் குரு விரிவாகவே எழுதியுள்ளார். அதனினும் அவர் மகிழ்ந்து எழுதுவது அடுத்து நிகழ்ந்ததை. ஊர் இளைஞரும் கன்னிப் பெண்களும் தாமே கூடித் தம்முள் பணம் திரட்டிப் புதிய கிண்ணம் ஒன்றை வாங்கித் தந்தனர். களவு போன பொருளை ஊரின் இளந்தலைமுறை மீட்டுத் தந்தது. பின்னாளில் அரச ஆணையால் பறிபோனவற்றை அவ்வாறு மீட்க இயலவில்லை என்பதை நோக்க, இந்நிகழ்ச்சி பொருள் மிக்கதாகின்றது.

கறுப்பு உடை

குருவின் உள்ளத்தில் மற்றொரு விருப்பமும் இருந்தது. இறந்தோர்க்காக நிறைவேற்றும் பூசையில் அணிவதற்குக் கறுப்பு நிறத் திருவுடைத் தொகுதி ஒன்று கோயிலுக்கு வேண்டும் என்பதே அது. ஏழை ஊருக்கு அது பெருஞ்செலவு. கோயில் ஆடுகளின் மயிரிலிருந்து தமக்கு வரவேண்டிய தசமபாகத்தைக் குரு தாம் பெறாமல் அதற்கென ஒதுக்கினார். சிறு சிறு தொகைகள் ஆண்டுதோறும் சேர்ந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுச் சேமிப்பின் பயனாக 1547இல் அத்தொகுதி நிறைவுற்றது.

அதே 1547ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எட்டாம் ஹென்றி இறந்தார். ஒன்பது வயதுச் சிறுவனான ஆறாம் எட்வர்டு அரியணை ஏறினார். அவர் பெயரால் ஆண்டோர் சீர்திருத்தத்தில் தீவிரமானவர்கள். இறந்தோர்க்கான பழைய பூசையே விரைவில் தடைசெய்யப்பட்டது. இருபது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உடை, பெற்றவுடன் பயனற்றதாயிற்று.

ஆணைகளின் காலம்

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1536இல் அண்டையிலிருந்த பார்லிஞ்ச் மடம் கலைக்கப்பட்டபின், அம்மடத்துச் சன்னல் ஒன்று மோர்பாத் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. 1538ஆம் ஆண்டு ஆணையால் சுரூபங்களின் முன் திரி ஏற்றுதல் விலக்கப்பட்டது. திரி அணையவே, திரியைப் பேணிய நிதிகளும் பொருளிழந்தன. இளைஞர்க்கும் கன்னிப் பெண்களுக்கும் ஊர் அவையில் இருந்த இடமும் படிப்படியாக மறைந்தது.

எட்வர்டின் காலத்தில் எஞ்சியவையும் நீங்கின. சுரூபங்கள் அகற்றப்பட்டன. கோயில் ஆடுகள் விற்கப்பட்டன. கோயில் விருந்து நின்றது. 1548இல் தலைமைப் பொறுப்பாளராக இருந்தவர் லூசி சீலி என்னும் பெண். அவருடைய பொறுப்புக் காலத்திலேயே கோயிற் பொருள்கள் விற்பனையாயின. திருவுடைகள் ஊரார் சிலரின் வீடுகளில் பிரித்து வைக்கப்பட்டன. ஆணைக்குழுவினர் வந்து பட்டியல் எடுப்பதும், அதற்கு ஊரார் பலமுறை நகரங்களுக்குச் சென்று விடையளிப்பதும் புதிய செலவுகளாயின. முன்னர் நீண்டு விரிந்து பேசிய கணக்கு இக்காலத்தில் சுருங்கி வறண்டு விடுகின்றது. வரவுப் பகுதியில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. குருவின் அம்மௌனமே அக்காலத்தைப் பற்றிய சிறந்த விளக்கம் எனலாம்.

செபநூல் எழுச்சி

1549ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, இங்கிலாந்துக் கோயில்கள் அனைத்திலும் இலத்தீன் பூசைக்கு மாற்றாக ஆங்கிலத்தில் அமைந்த பொதுச் செபநூல் நடைமுறைக்கு வந்தது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கான்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மர். மறுநாள் டெவன் மாவட்டத்துச் சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி என்னும் ஊரில் மக்கள் திரண்டு, பழைய முறையிலேயே பூசை நிறைவேற்றுமாறு தம் குருவை வற்புறுத்தினர். அங்குத் தொடங்கிய எழுச்சி, அண்டை மாவட்டமான கார்ன்வாலில் முன்னரே கிளர்ந்த எழுச்சியுடன் இணைந்தது. சூலை 2 முதல் ஆகஸ்டு 6 வரை ஐந்து வாரங்கள் எக்ஸிடர் நகரம் முற்றுகையிடப்பட்டது.

தாய்மொழியில் வழிபடுதல் மக்களின் உரிமை என்று கருதுவோர்க்கு இந்நிகழ்ச்சி வியப்பளிக்கும். விளங்காத மொழியை விட்டு விளங்கும் மொழியில் வழிபட வாய்ப்பளித்த நூலை மக்கள் ஏன் எதிர்த்தனர்? அவர்களின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது. மொழி மட்டும் மாறியிருப்பின் விளைவு வேறாக இருந்திருக்கக் கூடும். மொழியுடன் சுரூபமும் திரியும் விருந்தும் இறந்தோர் நினைவும் ஒருசேரப் பறிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஆடுகளின்மீது தலைவரியும் விதிக்கப்பட்டிருந்தது. தாய்மொழி அவர்களிடம் ஒரு நன்கொடையாக வரவில்லை. தண்டனையின் துணையுடன் கட்டளையாக வந்தது.

கார்ன்வால் மக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுள் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியே அன்று; கார்னிஷ் மொழியே அவர்தம் பேச்சு. எழுச்சியாளர் வரைந்த கோரிக்கைகளுள், தம்மில் சிலர் ஆங்கிலம் அறியாதவர் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அங்ஙனமாயின் அவர்களுள் எத்தனை பேர் இலத்தீன் அறிவர் என்று கிரான்மர் வினவினார். வாதத்தில் அவ்வினா கூர்மையானதே. ஆயினும் கார்னிஷ் மொழியில் செபநூல் ஆக்கித் தர எவரும் முன்வரவில்லை என்பதும் உண்மை. வேல்ஸ் மொழியில் 1567இல் செபநூலும் 1588இல் முழு வேதாகமமும் வெளிவந்தன, அம்மொழி நிலைத்தது. வழிபாட்டில் இடம்பெறாத கார்னிஷ், நூற்றாண்டுதோறும் தேய்ந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேச்சு வழக்கு ஒழிந்தது. 20ஆம் நூற்றாண்டில் அதற்கு மறுமலர்ச்சி முயற்சிகள் தோன்றின என்பது வேறு செய்தி.

அரசு ரஸ்ஸல் பிரபுவின் தலைமையில் படை அனுப்பியது. அப்படையில் செருமானிய, இத்தாலியக் கூலிப்படையினரும் இருந்தனர். ஃபென்னி பிரிட்ஜஸ், கிளிஸ்ட் ஆகிய இடங்களில் கடும்போர் நிகழ்ந்தது. சிறைப்பட்டோர் பலர் கிளிஸ்ட் வெளியில் கொல்லப்பட்டனர். ஆகஸ்டுத் திங்களின் நடுவில், தொடங்கிய ஊரான சாம்ப்ஃபோர்டு கோர்ட்னியிலேயே எழுச்சி முடிவுற்றது. எக்ஸிடருக்கு வெளியேயுள்ள புனித தாமஸ் கோயிலின் குரு, திருவுடை அணிந்த கோலத்தில் தம் கோயிற் கோபுரத்திலேயே தூக்கிலிடப்பட்டார். உயிரிழந்தோர் ஆயிரக்கணக்கினர்.

இவ்வெழுச்சியில் மோர்பாத்துக்குப் பங்கு உண்டா? உண்டு என்பதைக் கணக்கேடே காட்டிக்கொடுக்கின்றது. எக்ஸிடருக்கு வெளியே புனித டேவிட் மேட்டில் அமைந்த எழுச்சியாளரின் பாசறைக்கு ஊர் இளைஞர் ஐவர் புறப்பட்டனர். அவர்களுக்கு வழிச்செலவும் படைக்கலமும் ஊர்ப் பணத்தில் தரப்பட்டன. வாள் இவ்வளவு, வில் இவ்வளவு என்று அச்செலவையும் குரு வழக்கம்போல் கணக்கில் எழுதினார். அரசை எதிர்த்த படைக்கு ஊர்ப்பணம் தந்தமைக்குக் கையெழுத்துச் சான்று வைத்திருப்பது உயிருக்கே இடர் தருவது. எனினும், ஊர்ப்பணம் எதற்குச் செலவாயினும் ஊரார்க்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்னும் நேர்மை அவரை எழுத வைத்தது போலும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கிண்ணம் வாங்கப் பணம் திரட்டிய அதே ஊரின் இளைஞர், இப்போது வில்லேந்திச் சென்றனர்.

மீட்சியும் முடிவும்

1553இல் மேரி அரசியானபோது பழைய சமயம் மீண்டது. மோர்பாத் வீடுகளின் உள்ளறைகளிலிருந்து பொருள்கள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குத் திரும்பின. ஒருவர் திருவுடை கொணர்ந்தார். மற்றொருவர் சுரூபம் கொணர்ந்தார். வேறொருவர் நூல் கொணர்ந்தார். ஆணைக்குழுவினரின் கண்ணில் படாமல் ஐந்தாண்டுகள் அவற்றைக் காத்தவர் எளிய உழவர்களே. குருவின் நடையில் பழைய உவகை மீண்டும் தலைகாட்டுகின்றது. லூசி சீலியின் காலம் முதல் மேரியின் வரவு வரை கோயில் தாழ்ந்துகொண்டே வந்தது என்று அவர் திரும்பிப் பார்த்து எழுதுகின்றார். லூசியைக் குற்றஞ்சாட்டும் நோக்கம் அதில் இல்லை. ஊரார்க்கு ஆண்டுகளைக் குறிப்பது அரசரின் பெயரன்று. தம்முள் பொறுப்பேற்றவரின் பெயரே.

அம்மீட்சி நீடிக்கவில்லை. 1558இல் எலிசபெத் அரசியானார். 1559இல் செபநூல் மீண்டும் சட்டமாயிற்று. கல் பீடம் நீங்கி மேசை வந்தது. டிரிக்கி பணிவிட்டு விலகவில்லை. ஆங்கிலச் செபநூலைக் கையில் எடுத்து, தாம் விரும்பாத முறையில் தம் மக்களுக்கு வழிபாடு நடத்தினார். 1574இல் இறந்து, தாம் பணியாற்றிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவரை உறுதியற்றவர் என்று பழிப்போரும் உளர். ஒவ்வோர் அரசும் மாறும்போது தாமும் மாறியவர் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. ஆயின் கணக்கேட்டை முழுதும் பயில்வோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். அவர் பற்றுக்கொண்டது கோட்பாடுகளின் மீது மட்டுமன்று. 33 குடும்பங்களின் மீதும் ஆகும். அவர்களைத் திருமுழுக்காட்டியவர், மணம் முடித்து வைத்தவர், அவர்தம் பெற்றோரைப் புதைத்தவர். தம் நம்பிக்கையைக் காக்க ஊரை விட்டு நீங்குவதா, ஊரைக் காக்கத் தம் விருப்பத்தை விடுவதா என்ற நிலையில் அவர் ஊரையே தேர்ந்தார். கோபுரத்தில் தூக்கிலிடப்பட்ட குருவின் உறுதி போற்றத்தக்கதே. இருந்து ஆற்றிய குருவின் பொறுமையும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எலிசபெத் காலத்துக் கணக்குகளிலும் கோயிலுக்கு வாங்கிய பொருள்களைப் பற்றி அவர் ஊரார்க்கு அக்கறையுடன் எடுத்துரைக்கின்றார். அவை அவருக்கு உவந்தவை அல்ல. எனினும் ஊரார் தந்தவை.

ஏடு தரும் பாடம்

மோர்பாத் கணக்கேட்டை அவ்வூரின் பிற்காலக் குருவான எர்ஸ்கின் பின்னி 1904இல் அச்சிட்டார். நெடுங்காலம் அது வட்டார வரலாற்று ஆர்வலரின் கைகளில் மட்டுமே இருந்தது. வரலாற்றறிஞர் ஈமன் டஃபி 2001இல் வெளியிட்ட நூல், அதனை உலகறியச் செய்தது. பெரிய வரலாற்றை எழுதுவோர் சிறிய ஊர்களின் ஆவணங்களைப் புறக்கணிக்கலாகாது என்பதற்கு அந்நூல் தக்க சான்றாயிற்று.

டெவன் மக்கள் எதிர்த்து எழுந்த செபநூல், திருத்தங்கள் பல கண்டு, கடல் கடந்து, 19ஆம் நூற்றாண்டில் தமிழிலும் அச்சேறித் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலிக்கன் சபைகளில் ஓதப்பட்டது. அங்கு அதனை ஓதியோர் அதனைத் தம் பாட்டன் வழிச் சொத்தாகவே போற்றினர். இங்கிலாந்திலும் ஓரிரு தலைமுறைக்குள் அதுவே மக்களின் பழைய நூலாயிற்று. ஒரு தலைமுறை கண்ணீருடன் ஏற்றதை மறு தலைமுறை உரிமையுடன் பற்றுகின்றது. இதனைக் கொண்டு முதல் தலைமுறையின் கண்ணீர் பொருளற்றது என்று முடிவு செய்தல் தவறு.

கொள்கை நன்றாயினும் அதனைக் கொணரும் முறை நன்றாக இருத்தல் வேண்டும். எல்லாரும் இசையும்வரை பேசிப் பழகிய ஓர் ஊரிடம், எவரையும் கேளாமல் ஆணை வந்தது. ஆணை வென்றது, ஆயின் ஆடு மேய்த்த ஏழையும், திரி ஏற்றிய கன்னியும், முறை வைத்துப் பொறுப்பேற்ற கைம்பெண்ணும் ஒருங்கே கூடி நடத்திய அந்தப் பொதுவாழ்வு மீளவில்லை. அவ்வாழ்வு ஒன்று இருந்தது என்பதற்கு இன்று சான்றாக நிற்பது, வரவும் செலவும் தவறாமல் எழுதிய ஒரு குருவின் கையெழுத்தே. இவ்வேடு எஞ்சியதனால் 33 குடும்பங்கள் மறதியினின்றும் தப்பின. அவரவர் ஊரில், கோயிற் பெட்டியிலோ பழைய வீட்டுப் பரணிலோ கிடக்கும் கணக்குச் சுவடிகளையும் பழந்தாள் என்று எறிந்துவிடாமல் ஒருமுறை விரித்துப் படிக்குமாறு மோர்பாத் கணக்கேடு வேண்டுகின்றது.